வாரத்தில் ஒரு நாள்தான் ஐயருக்கு வேலையா?

தேரிக்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன். யாருக்காவது உறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊரில் அவரும் அம்மாவும் மட்டும்தான். நான் கோயம்புத்தூரில். இந்த ஏழு மாதத்தில் எங்கள் ஐயர் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஐயர் என்றால் பாதிரியார், அவர் மனைவி ஐயரம்மா. "எங்க ஐயர் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டேன்" என்று ஒருமுறை ஆபீசில் சொல்லி மாட்டிக்கொண்டவன் நான்.

வந்தவர் திருவிருந்துப் பெட்டியைத் திறந்தார், கொடுத்தார், ஜெபித்தார், கிளம்பினார். எட்டு நிமிடம். அம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது பாட்டி இதே வீட்டில் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். அப்போதிருந்த ஐயர் செவ்வாய்க்கிழமை தவறாமல் சைக்கிளில் வருவார். வேதாகமத்தை எடுப்பதற்கு முன்னால் பாட்டிக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பார். பாட்டிக்குப் பல் கிடையாது. அந்தச் சின்ன உரலின் சத்தம்தான் எனக்கு ஐயர் என்றால் நினைவுக்கு வருவது.

இப்போது ஞாயிறு காலை பிரசங்கம் முடிந்தால் ஆறு நாள் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.

மைக்செட் மாமா

வேலை இல்லையென்று யார் சொன்னது? சபைத் தேர்தல், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்துக்கு மன்றத் தேர்தல், அதற்கு மேல் இன்னொரு தேர்தல். அப்புறம் அதன் மேல் கேஸ். நீதிமன்ற வராண்டாவில் போய்ப் பாருங்கள், அங்கேதான் மந்தை, மேய்ப்பன் எல்லாரும்.

குருமனைப் பிள்ளை

எட்டு நிமிடம் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். என் கணக்கையும் கேளுங்கள். அப்பா ஐயராக இருந்த காலத்தில் ஏழு குருமனைகளில் குடியிருந்தோம். நான் படித்த பள்ளிக்கூடங்கள் ஐந்து. மே மாதம் டிரான்ஸ்பர் லிஸ்ட் வருகிற வரைக்கும் அம்மா முருங்கைக் குச்சிகூட நடமாட்டாள். நட்டால் அடுத்தவர்தான் காய் பறிப்பார் என்பாள்.

குருமனைக் கதவைக் காலை ஐந்தரைக்கு முதல் ஆள் தட்டுவார். ஞானஸ்நான சர்டிபிகேட்டில் எழுத்துப் பிழை. மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் இன்னார் பக்கத்தில் எங்கள் அப்பாவை வைக்கக்கூடாது. ஒரு வீட்டு ஆடு இன்னொரு வீட்டு வெண்டைக்காயைத் தின்றுவிட்டது, அந்த வழக்கும் ஐயரிடம்தான் வரும். ஆனால் பணம் கேட்டு வருகிறவர்கள் மட்டும் முன்வாசலுக்கு வரமாட்டார்கள். கொல்லைப்பக்கமாக அம்மாவிடம் வருவார்கள். அம்மாவின் கம்மல் எத்தனையோ தடவை சாத்தான்குளத்து அடகுக்கடைக்குப் போய் வந்திருக்கிறது. திரும்பி வருகிற வரைக்கும் துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி போட்டுக்கொள்வாள். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வந்த ஒரு பெரிய வீட்டு அம்மா அந்தக் குச்சியைப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவிடம் ஒரு கட்டை நோட்டு இருந்தது. படுக்கையில் கிடப்பவர்கள், தனியாக இருப்பவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு வரி. "வலது காது கேட்காது, இடப்பக்கம் உட்கார வேண்டும்." "மூத்த மகனைப் பற்றிக் கேட்கக்கூடாது." "மிக்சர் வாங்கிக்கொண்டு போகலாம், மருமகளுக்குத் தெரியாமல்." மாறிப்போகும்போது அந்த நோட்டை அடுத்து வருகிறவர் மேஜையில் வைத்துவிட்டு வருவார். அவர்கள் வாசித்தார்களா, பழைய பேப்பர்காரருக்குப் போட்டார்களா, எனக்குத் தெரியாது.

பழைய சைக்கிள்

தம்பி தேரிக்காட்டான், வெற்றிலை இடித்த ஐயர் நான் இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஆள்தான். ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐயர் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். நான் வேறொன்று கேட்கிறேன்: உங்கள் ஊர் உபதேசியார் எங்கே போனார்? ஒரு சேகரத்தில் பத்துப் பன்னிரண்டு ஊர் இருக்கும், ஐயர் ஒருவர்தான். அது அன்றைக்கும் அப்படித்தான். ஆனால் ஊருக்கு ஒரு உபதேசியார் இருந்தார். 1820இல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து வேலையை விரித்தது தானே ஊர் ஊராக நடந்து மட்டும் இல்லை, உபதேசிமாரைப் பயிற்றி ஊருக்கு ஒருவராக வைத்துத்தான். சாயங்கால ஜெபம், பிள்ளைகளுக்கு எழுத்து, காய்ச்சலுக்குக் கஷாயம், சண்டைக்குப் பஞ்சாயத்து எல்லாம் அவர். ஐயர் மாதம் ஒருமுறை வருவார். யாருக்கு என்ன கஷ்டம் என்று உபதேசியார் நடந்துகொண்டே காதில் போடுவார். ஐயர் எல்லாம் அறிந்தவர் மாதிரி வீட்டுக்குள் நுழைவார். ரகசியம் அவ்வளவுதான்.

இன்றைக்குப் பல ஊரில் அந்த இடம் காலி. அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. ஊர்க்காரர்கள் சந்தாவை ஏற்றச் சொன்னால் முறைப்பார்கள், ஆனால் கோபுரத்துக்கு டைல்ஸ் ஒட்டப் பணம் வரும். கோபுரத்தை வைத்துத்தானே பக்கத்து ஊரோடு போட்டி.

இன்னொன்று. கவனிப்பு என்றால் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபிப்பது மட்டும் என்று எங்கள் முன்னோர் நினைக்கவில்லை. விசுவாசத்துக்காக ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு 1799இலேயே முதலூர் என்று தனியாக ஓர் ஊரை உண்டாக்கினார்கள். 1830இல் ரேனியஸ் தர்ம சங்கம் தொடங்கியதும் இப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கத்தான். தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78) நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் இருந்த மர்காஷிஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, சோற்றோடு நிறுத்தாமல் தச்சும் நெசவும் கற்றுக்கொடுத்தார்.

சரி, உட்காருவதைப் பற்றி. அது சுலபம் என்று நினைக்காதீர்கள். நின்றுகொண்டு பேசினால் படுத்திருப்பவருக்கு நாம் போலீஸ்காரர் மாதிரித் தெரிவோம். கட்டில் உயரத்துக்குக் கீழே, முக்காலியிலோ தரையிலோ உட்கார வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தப்புச் செய்து படித்தேன்.

நான் ஐயரான மூன்றாம் வருடம், பனங்காட்டு ஊர் ஒன்றில் ஏழு வயதுப் பையன் இறந்துபோனான். போனேன். அந்தத் தாயிடம் யோபு சொன்னதைச் சொன்னேன்: கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்தது கட்டுவிரியன், ஐயா" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் இரண்டு வருடம் அவள் கோயில் வாசல்படி மிதிக்கவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போவதை விடவில்லை. ஆனால் அதற்கப்புறம் சாவு வீட்டில் நான் வசனம் சொன்னது, அவர்களாகக் கேட்டபோது மட்டும்தான்.

தேரிக்காட்டான்

பழைய சைக்கிள் ஐயா, எங்கள் ஊரில் உபதேசியார் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது. மூன்று ஊருக்கு அவர் ஒருவர். இதை நான் யோசித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எட்டு நிமிடம் எட்டு நிமிடம்தானே?

வைகைக் கரை

நான் மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தில் ஆயராக இருக்கிறேன். நீங்கள் ஐயர் என்பவரை எங்கள் பக்கம் ஆயர் என்போம். பெண். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்க ஆரம்பித்து, 1976இலிருந்து பார்த்தால், அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனால் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று ஊரில் இன்னும் முடிவாகவில்லை. ஆயர் மனைவியைத்தான் ஆயரம்மா என்பார்கள். நானே ஆயராக வந்ததும் என்னையும் ஆயரம்மா என்று கூப்பிட்டு, என் வீட்டுக்காரரை என்ன சொல்வதென்று தெரியாமல் "ஆயரம்மா சார்" ஆக்கிவிட்டார்கள்.

கேட்டதற்குப் பதில். போன செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னே போன், ஒரு தாத்தா தவறிவிட்டார். போய் ஜெபித்துவிட்டு, மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர எத்தனை மணியாகும், ஐஸ்பெட்டிக்கு யார் பணம் கட்டுவது என்று பேசி முடிக்க எட்டு மணி. அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. எங்கள் சபைப் பெண் ஒருத்திக்கு டயாலிசிஸ். அவளுக்கு ஜெபத்தைவிட முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் அவசரம். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை கிடைக்கும், ஆனால் வருமானச் சான்றில் கணவன் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இரண்டு மணி நேரம். வி.ஏ.ஓ. நல்ல மனிதர், ஆனால் சர்வர் வேலை செய்யவில்லை. மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. ஐந்தரைக்கு அதே தெருவில் பிறந்தநாள் ஜெபம், கேக் வெட்ட வேண்டும். கல்லறை மண் செருப்பில் ஒட்டியிருக்கக் கேக் சாப்பிட்டேன். சிரிக்காமல் இருந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்?

அதற்கு முந்தின வாரம் ஒரு பெண் ஜெபத்துக்கென்று வந்து, கதவைச் சாத்திவிட்டு ஜாக்கெட் கையைச் சுருட்டிக் காட்டினாள். முன்பிருந்த ஆயர் நல்லவர்தான், ஆனால் அவரிடம் இதை எப்படிக் காட்டுவது என்றாள். மகளிர் காவல் நிலையத்துக்கு நானே கூடப் போனேன். அவள் மாமனார் வீட்டார் மொத்தமாகச் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். "குடும்பத்தைப் பிரிக்கிற ஆயர்" என்று மேலிடத்துக்கு மனுவும் போயிருக்கிறது.

எட்டு நிமிடத்துக்கு வருகிறேன். நானும் அப்படி ஓடியிருக்கிறேன். காப்பி வருகிற வரைக்கும் உட்கார்ந்தால் அந்த அம்மா பேச ஆரம்பிப்பார், கேட்டால் நான் உடைந்துவிடுவேன், அதற்கப்புறம் இன்னும் மூன்று வீடு இருக்கிறது என்று பயந்து எழுந்த நாட்கள் உண்டு. உங்கள் ஐயருக்கும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. சோம்பேறியாகவும் இருக்கலாம், அந்த வகையும் எங்களில் உண்டு.

தெற்குத்தெரு

எல்லாம் வாசித்தேன். வெற்றிலை உரல், வேப்பங்குச்சி எல்லாம் மனதைத் தொடுகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அந்தச் சைக்கிள் எங்கள் தெருவுக்கு வந்ததா?

எங்கள் தாத்தா காலத்தில் ஐயர் வருவார், முற்றத்தில் நின்று ஜெபிப்பார், தண்ணீர் குடிக்கமாட்டார். வேதாகமத்தில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட கதையை எங்களுக்கே பிரசங்கம் பண்ணிவிட்டு, எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் போவார். பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பா அது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

முதன்முதலில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த ஐயரை எனக்குத் தெரியும். 1990களில். கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

ஆனால் அவர் செய்த பெரிய உதவி அதைவிட வேறு. 1950ஆம் வருட ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் ஆனால் நீ பறையன் இல்லை என்று சட்டம் சொல்கிறது, ஊர் மட்டும் சொல்வதில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னது. 2022இல் மறுபடி இன்னோர் ஆணையம். இதற்கிடையில் பிள்ளைகள் வளர்ந்து கிழவர்களாகிவிட்டார்கள். ஆகவே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர், கோயில் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. சர்டிபிகேட் கேட்டு யார் வருகிறார்கள், எதற்காக ஒரு குடும்பம் ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போடுகிறது என்று அந்த ஐயருக்குத் தெரியும். பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. பின்னால் வந்த ஒருவர் "இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்கிறவர்கள்" என்று ஞாயிறு காலையில் எங்களைப் பார்த்தே பேசினார். அன்றைக்கு எழுந்து போன நான்கு குடும்பம் இன்னும் திரும்பவில்லை.

பழைய சைக்கிள்

தெற்குத்தெரு, என் சைக்கிளும் உங்கள் தெரு வரை வந்து முற்றத்தில் நின்ற சைக்கிள்தான், முதல் சில வருடங்கள். மறைக்க ஒன்றும் இல்லை.

பனியன் நகர் பாஸ்டர்

பெரிய சபைக்காரர்கள் பேசுகிற இடத்தில் வாடகை ஹால்காரன் ஒருவன் பேசலாமா? நான் திருப்பூரில் தனிச்சபை நடத்துகிறேன். சுமார் அறுபது பேர். பாதிப் பேர் பிழைக்க வந்தவர்கள், ஒடிசா, பீகார் பிள்ளைகளும் உண்டு. எனக்குச் சம்பளம், குருமனை, பென்ஷன் ஒன்றும் கிடையாது. பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங், ராத்திரியில் பாஸ்டர். ஆர்டர் இல்லாத மாதம் காணிக்கைத் தட்டைப் பார்த்தே தெரிந்துவிடும். ஹால் வாடகைக்கு நான் ஓவர்டைம் பார்ப்பேன். என் பிள்ளைகள் என்னைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மேடையில்.

ஆனால் யாருக்கு விபத்து என்றாலும் ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்பது நாங்கள்தான். சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்து சேர ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் கையெழுத்துப் போடுகிற "உறவினர்" நான்.

மைக்செட் மாமா

எல்லாம் சரி பாஸ்டர். மாத்திரையை நிறுத்து, விசுவாசி என்று சொல்கிறவர்களும் உங்கள் ஆட்கள்தானே? என் சித்தி சர்க்கரை மாத்திரையை அப்படி நிறுத்தித்தான் காலை இழந்தாள்.

பனியன் நகர் பாஸ்டர்

உண்டு, ஐயா. சித்திக்கு நடந்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். நான் ஜெபம் பண்ணி முடித்ததும் அட்டையை வாங்கி மாத்திரையை எண்ணிப் பார்ப்பேன். குறையாமல் இருந்தால் திட்டுவேன். "பாஸ்டருக்கு விசுவாசம் போதாது" என்று ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது.

கடலோரக் காற்று

நான் கத்தோலிக்கன், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரை. எங்களுக்கு ஐயர் இல்லை, சாமி. பங்குச்சாமியார்.

2017 நவம்பர் 29 ராத்திரி ஒக்கிப் புயல். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆழ்கடல் தொழில். ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கடலில்தான். புயல் எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லாத தூரத்தில் இருந்தார்கள். 30ஆம் தேதி காலையில் கரையில் பெண்கள் நிற்கிறார்கள், அரசாங்கத்திடம் எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கே இல்லை. எங்கள் சாமி கோயில் மைக்கைப் போட்டு, "வீட்டுக்கு ஒருத்தர் வாங்க, படகு பெயர் சொல்லுங்க" என்றார். ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, அன்பியம் அன்பியமாக (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்கள்), படகு படகாக நோட்டில் எழுதினார். யார் லட்சத்தீவில் ஒதுங்கினார்கள், யார் குஜராத்தில் கரை ஏறினார்கள் என்று போன் வர வர ஒவ்வொரு பெயராக டிக் அடித்தார். எங்கள் கரையில் ஊருக்கு ஊர் சாமிமார் எழுதிய இந்த மாதிரிப் பட்டியல்களை வைத்துத்தான் பிறகு அதிகாரிகளோடு பேச முடிந்தது. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோமே, அன்றைக்கும் அந்த நோட்டு சாமியின் கக்கத்தில் இருந்தது.

டிக் விழாத பெயர்கள் மிச்சம் நின்றன. காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும். அதுவரை காத்திருக்காமல் நிவாரணம் கொடுக்க அரசாங்கம் சம்மதித்தது, குடும்பத்துக்கு இருபது லட்சம். அதை வாங்க வேண்டுமென்றால் ஆள் இறந்துவிட்டார் என்று மனைவி கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா பேனாவைத் தொடவே மாட்டேன் என்றாள். "நான் எழுதிக் கொடுத்தால் நானே கொன்ற மாதிரி." மூன்று சின்னப் பிள்ளைகள், கந்துக்காரன் வாசலில். சாமி வற்புறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வருவார். திருப்பலியில் அந்தப் பெயர்களை இறந்தோருக்கான மன்றாட்டில் வாசிக்காமல், "கடலில் இருப்போருக்காக" என்று வாசித்தார். பல மாதம் அப்படியேதான் வாசித்தார். ஒருநாள் அக்காவே கோயிலுக்கு வந்து, "இனி மற்ற வரிசையில் வாசிங்க சாமி" என்றாள்.

அந்தச் சாமி இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போனார். அதற்கப்புறம் கடற்கரைப் பங்கு வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அலைச் சத்தத்தில் தூக்கம் வருவதில்லையாம்.

ஏரல் கடைக்காரர்

நான் இந்து, ஐயரைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று அப்புறம் சொன்னார்கள். எங்களுக்குத் தாமிரபரணி கடைக்குள் வந்துவிட்டது. கடையில் ஷட்டர் உயரத்துக்குத் தண்ணீர், பாலமும் போச்சு, கரண்ட் இல்லை, போன் இல்லை.

சொந்தக்காரர் ஊர் ஒன்றில் சர்ச் பள்ளிக்கூடத்து மாடியில் மூன்று ராத்திரி இருந்தோம். அந்த ஊர் ஐயர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாதிரியார் என்று எனக்குத் தெரியாது, வாட்ச்மேன் என்று நினைத்துப் பாத்ரூம் சாவி கேட்டுவிட்டேன். எடுத்துக் கொடுத்தார். அவர்கள் பண்டிகைக்கு அசனம் (ஊர் விருந்து) போடுகிற அண்டாக்கள் மேல்தளத்தில் இருந்ததால் தப்பித்தன. அதில்தான் நானூறு பேருக்குக் கஞ்சி. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வசூலித்த உண்டியலை உடைத்து அரிசி, பாய், நாப்கின் வாங்கினார்கள். நாப்கினை லிஸ்டில் முதலில் எழுதியது ஐயரம்மா. எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் அங்கே கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பெஞ்சு இல்லை, எல்லாம் சேறு. நானும் போய்ப் பின்னால் நின்றேன். பிரசங்கம் ஐந்து நிமிடம்கூட இல்லை. தொண்டை கட்டியிருந்தது அவருக்கு.

பெயர் வேண்டாம்

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. என் அண்ணன் போன வருடம் தற்கொலை செய்துகொண்டான். கடன். எங்கள் கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. "வழக்கம் இல்லை" என்றார்கள். வேலியோரத்தில் இடம் கொடுத்தார்கள். அம்மா அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உண்மையிலேயே அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?

பழைய சைக்கிள்

இருந்தது, மகளே அல்லது மகனே. 1662ஆம் வருடத்து ஆங்கில ஜெபப் புத்தகத்தில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களுக்கு இந்த அடக்க முறைமையை உபயோகிக்கக்கூடாது என்று ஒரு குறிப்பு உண்டு. அந்தப் புத்தகம் மிஷனரிகளோடு நம் ஊருக்கு வந்தது, குறிப்பும் கூடவே வந்தது. கத்தோலிக்கரின் பழைய சட்டத்திலும் இருந்தது. 1983இல் எழுதிய புதிய சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நம் சபையிலும் அந்தப் பழைய புத்தகத்தை வைத்து இன்று யாரும் ஆராதனை நடத்துவதில்லை. ஆனால் புத்தகத்தில் போனது ஊர் வழக்கத்தில் போகவில்லை.

என்னுடைய கடைசி சேகரத்தில் இப்படி ஒரு சாவு. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை சாவியைக் கொடுக்கமாட்டேன் என்றார், கமிட்டிக்குப் பயந்து. அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். நான் அவரிடம், "சாவியை மேஜையில் வைத்துவிட்டு நீர் காப்பி குடிக்கப் போம்" என்றேன். போனார். மணியை நானே அடித்தேன். வயதுக்கு ஒன்றாக இருபத்தாறு. பழக்கமில்லாத கை, இடையிடையே தப்பியது. நாற்பதாம் நாள் ஜெபத்துக்குக் கமிட்டியில் இரண்டு பேர் வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. அந்தப் பையனின் அப்பா அன்றைக்கு என்னிடம் பேசியது ஒன்றே ஒன்று: "இருபத்தேழு அடிச்சிட்டீங்க ஐயா, நான் எண்ணினேன்."

உங்கள் அம்மா எந்த ஊர் என்று இங்கே எழுத வேண்டாம். தனி மடலில் சொல்லுங்கள். பேருந்தில் போகிற தூரமாக இருந்தால் நான் வருகிறேன்.

மட்டுறுத்துநர்

இதை வாசிக்கிற யாருக்காவது மனம் தாங்க முடியாத நிலை இருந்தால் 14416 அல்லது 104 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இந்தப் பதிவுக்குக் கீழே வாக்குவாதம் வேண்டாம். அப்படி வந்த இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன்.

கைப்பிடி அரிசி

நான் ஐயரம்மா. இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் ஆஞ்சியோ செய்து பதினைந்து நாள் குருமனையில் படுத்திருந்தார். பழம் எக்கச்சக்கமாக வந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவரிடமே ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தேரிக்காட்டான்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சண்டை போடுகிற எண்ணத்தில்தான் குருமனைக்குப் போனேன், மறைக்கவில்லை. ஐயர் வீட்டில் இல்லை, இரண்டு சாவு. உபதேசியார் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எங்கள் மூன்று ஊரில் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். பதினேழு. அதில் பதினோரு பேருக்குப் பிள்ளைகள் வெளியூரில். என்னைப் போல.

சாயங்காலம் உபதேசியாரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாலு வீட்டுக்குப் போய் வந்தேன். நான் ஒன்றும் பேசவில்லை, டிரைவர் வேலைதான். ஒரு வீட்டில் தாத்தாவைக் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டியிருந்தது, அதைச் செய்தேன். ராத்திரி ஐயர் போன் செய்தார். எட்டு நிமிடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன், அவர் குரல் அவ்வளவு அலுத்துப் போயிருந்தது. அவர் மேல் உள்ள வருத்தம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

இப்போது ஒரு உதவி. அந்தத் தாத்தாவுக்குச் சக்கர நாற்காலி தேவை. யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். நாசரேத், சாத்தான்குளம், திசையன்விளைக்குள் எங்கே என்றாலும் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.

குருமனைப் பிள்ளை

அப்பாவுடையது இருக்கிறது. நாசரேத்தில் தங்கை வீட்டுப் பரணில். முன்சக்கரம் ஒன்று சுற்றாது, பரவாயில்லையா?

தேரிக்காட்டான்

பரவாயில்லை. சைக்கிள் கடையில் கொடுத்துப் பார்க்கலாம்.